காணிப்பாக்கத்துச் சத்தியம்

சமூகவியல் என்னும் பாடம் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குள் புகுந்து நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. 1919-ஆம் ஆண்டில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் அதற்கெனத் தனித்துறை ஒன்று தோன்றியது. நகரமைப்புக் கலையில் பெயர் பெற்ற பேட்ரிக் கெட்டிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் அதன் முதல் தலைவராக அமர்ந்தார். எனினும் நம்மவரிடையே அப்பாடத்துக்கு இன்னும் தக்க மதிப்பு ஏற்படவில்லை. பிள்ளை பொறியியல் பயில்கிறான் என்றால் காலனி முழுவதும் சொல்லி மகிழ்கிறோம். சமூகவியல் பயில்கிறான் என்றால், அதைப் பயின்று என்ன செய்யப்போகிறான் என்று கவலை கொள்கிறோம். மனிதர் கூட்டமாக வாழ்வது எவ்வாறு இயலுகிறது, ஒருவர் சொல்லை மற்றவர் எதனால் நம்புகின்றனர், நம்பிக்கை கெட்டவிடத்து அதை எவ்வாறு செப்பனிடுகின்றனர் என்பன அப்பாடத்தின் முதற் கேள்விகள். இவற்றுக்கு விடை தேட மேலைநாடு செல்ல வேண்டுவதில்லை. சித்தூருக்கு அணித்தே, ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள காணிப்பாக்கம் வரை சென்றால் போதும்.

காணிப்பாக்கத்து வரசித்தி விநாயகரை அறியாத தமிழ்க் குடும்பம் இவ்வட்டாரத்தில் இராது. திருமலைக்குச் சென்று மீள்வோர் வழியில் இறங்கி, கிணற்று நீரினிடையே எழுந்தருளியிருக்கும் அம்மூர்த்தியைத் தொழுது செல்வது வழக்கம். மூர்த்தி ஆண்டுதோறும் வளர்கிறார் என்றும், முன்னாளில் அளிக்கப்பட்ட வெள்ளிக் கவசம் இந்நாளில் பொருந்துவதில்லை என்றும் அங்குள்ளோர் கூறக் கேட்டிருப்போம். விநாயக சதுர்த்தி தொடங்கி இருபத்தொரு நாள் நிகழும் பிரம்மோற்சவத்தையும் நம்மிற் பலர் கண்டதுண்டு. ஆயின் அக்கோயிலில் நெடுங்காலமாக நடைபெற்றுவரும் வேறொரு காரியத்தை நாம் உற்று நோக்குவதில்லை. கடன் வாங்கினேன் என்றும் வாங்கவில்லை என்றும், திருடினான் என்றும் திருடவில்லை என்றும் வழக்கிடும் இருவர் அங்கு வருகின்றனர். திருக்குளத்தில் நீராடிச் சன்னிதியில் நின்று ஒருவர் சத்தியம் செய்கிறார். அத்துடன் வழக்கு முடிகிறது. பொய்ச் சத்தியம் செய்தாரை அவ்விநாயகர் விடமாட்டார் என்பது ஊர் நம்பிக்கை. சத்தியத்துக்கு உரிய தெய்வம் என்றே அவர் பெயர் பெற்றிருக்கிறார்.

இவ்வூர் அப்பெயரைப் பெற்றது எங்ஙனம்? தலக்கதைகள் இரண்டு உள்ளன. சகோதரர் மூவர் இருந்தனர். ஒருவர் கண்ணிழந்தவர், ஒருவர் செவி கேளாதவர், ஒருவர் வாய் பேசாதவர். மூவரும் சேர்ந்து ஏற்றமிறைத்துச் சிறு நிலம் ஒன்றைப் பயிரிட்டு வந்தனர். கிணறு வற்றியபோது ஒருவர் இறங்கித் தோண்ட, கருவி ஒரு கல்லின்மேல் பட்டுக் குருதி பெருகியது. அக்கணமே மூவர் குறையும் நீங்கின. ஊரார் திரண்டு வந்து உடைத்த தேங்காய்களின் நீர் ஒரு காணி நிலத்துக்குப் பரவியதால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்பது தெலுங்கர் கூறும் பெயர்க்காரணம். காணி என்பது தமிழர்க்கும் பழகிய அளவு; ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மிகும். பரம்பரையாக வரும் நிலவுரிமையையும் காணி என்றே நம் முன்னோர் வழங்கினர். பாக்கம் என்பதும் தொண்டை மண்டலத்து ஊர்ப்பெயர்களில் மலிந்து கிடப்பது. நிலவுரிமையைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர், நிலத் தகராறுகளைத் தீர்க்கும் இடமாகவும் ஆயிற்று என்பது நமக்குச் சுவையாகப் படுகிறது.

இக்கதையைச் சமூகவியல் நோக்கில் பார்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வழக்கில் சாட்சியாக நிற்பவனுக்கு வேண்டியவை எவை? நிகழ்ந்ததைக் காணக் கண் வேண்டும். பேசியதைக் கேட்கச் செவி வேண்டும். மன்றத்தில் எடுத்துரைக்க வாய் வேண்டும். அம்மூன்றும் ஒவ்வொன்றாக இல்லாதிருந்த மூவருக்கு அவற்றை அருளிய தெய்வமே சாட்சிக்கு அதிபதியாகக் கொள்ளப்படுகிறது. கதை கட்டியவர் இதை எண்ணிக் கட்டினார் என்று நாம் சாதிக்கப் போவதில்லை. ஒரு சமூகம் தனக்கு வேண்டிய பொருளைத் தன் கதைகளில் இவ்வாறு பொதித்துவைப்பது உலகெங்கும் காணப்படும் இயல்பு.

இரண்டாம் கதை ஊரையொட்டி ஓடும் பாகுதா நதியைப் பற்றியது. மகாபாரதத்துச் சாந்தி பருவத்தில் வியாசர் தருமனுக்குக் கூறும் கதை இது. சங்கர், லிகிதர் என்னும் உடன்பிறந்த முனிவர் இருவருள் லிகிதர், தமையனார் தோட்டத்துக் கனியை அவர் இல்லாத வேளையில் பறித்து உண்டார். அது களவு என்று தமையனார் சொல்ல, தாமே மன்னனிடம் சென்று தண்டனை கேட்டுக் கைகளை இழந்தார். பின்னர் பாகுதாவில் மூழ்கியபோது கைகள் மீண்டும் வளர்ந்தன. பாகு என்பது வடமொழியில் கை. குற்றத்தைத் தானே சென்று ஒப்புக்கொள்பவன் இழந்ததைப் பெறுவான் என்ற கருத்து இந்நதியோடு பிணைந்துள்ளது. குளத்தில் மூழ்கி எழுந்ததும் மனம் கலங்கி, சன்னிதிக்குள் நுழையுமுன்பே உண்மையைச் சொல்லிவிடுவோர் பலர் என்று காணிப்பாக்கத்தார் கூறுவதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்த்தல் தகும்.

தெய்வத்தை முன்னிறுத்தி ஆணையிடுதல் இவ்வூருக்கு மட்டும் உரியதன்று. சங்க நூல்கள் இதனைச் சூள் என்று குறிக்கும். களவொழுக்கத்தில் தலைவன் தெய்வத்தைச் சுட்டிச் சூளுரைப்பதும், அவன் வாராது தாழ்த்தவழித் தலைவி வருந்துவதும் அகப்பாடல்களில் பெருவழக்கு. குறுந்தொகையில் கபிலர் பாடிய பாட்டொன்றில், ஊர் மன்றத்து மராமரத்தில் உறையும் தெய்வம் கொடியவரை வருத்தும் என்பர். ஆயினும் எம் தலைவர் கொடியவர் அல்லர் என்று தலைவி அத்தெய்வத்துக்கே எடுத்துச் சொல்லுகிறாள். ஊர் கூடும் இடத்திலேயே பொய்யைத் தண்டிக்கும் தெய்வமும் குடியிருக்கிறது என்பது நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து ஐவகை மன்றங்களுள் பூத சதுக்கம் ஒன்று. பொய்க்கரி கூறுவோரை அங்குள்ள பூதம் பிடித்துக்கொள்ளும் என்கிறார் இளங்கோவடிகள்.

திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியாருக்குச் செய்து கொடுத்த சத்தியத்தையும் இங்கு நினைவு கூரலாம். சன்னிதியில் சத்தியம் செய்ய நேர்ந்தால் இடர் என்று அஞ்சிய தம்பிரான் தோழர், அவ்வேளையில் மகிழ மரத்தடிக்குப் போயிரும் என்று இறைவனையே வேண்டிக்கொண்டார். இறைவனோ சங்கிலியார் கனவில் தோன்றி, மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார்! பிரியேன் என்று அங்கே சூளுரைத்த சுந்தரர் பின்னர் ஆரூருக்குப் புறப்பட, இரு கண்ணின் ஒளியையும் இழந்தார். இறைவனின் தோழருக்கும் சத்தியத்தில் சலுகை கிடையாது என்று காட்டிய இக்கதையைத் தமிழ் மக்கள் நூற்றாண்டுகளாகப் போற்றிவருகின்றனர்.

சத்தியத்தினும் கொடிய முறைகளும் இருந்தன. யாஞ்ஞவல்கிய ஸ்மிருதி துலை, தீ, நீர், விடம், கோசம் என ஐவகைச் சோதனைகளைக் கூறுகிறது. இவற்றுள் கோசம் என்பது தெய்வத் திருமேனியை நீராட்டிய நீரைப் பருகுவித்து, பதினான்கு நாளுக்குள் அவனுக்குப் பெருந்தீங்கு நேருகிறதா என்று பார்ப்பது. சுசீந்திரம் கோயிலில் நம்பூதிரிமாரைக் காய்ச்சிய நெய்யில் கைமுக்கச் செய்யும் வழக்கம் திருவிதாங்கூரில் ஸ்வாதித் திருநாள் மன்னர் காலத்தில் (1829–1846) ஒழிக்கப்பட்டது. ஐரோப்பாவிலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஏந்தச் செய்யும் சோதனை இருந்தது. 1215-இல் கூடிய லாத்தரன் திருச்சபைப் பேரவை குருமார் அதில் பங்கு கொள்ளலாகாது என்று தடுத்த பின்னரே அது தேய்ந்து மறைந்தது.

தீச்சோதனைக்கும் காணிப்பாக்கத்துச் சத்தியத்துக்கும் உள்ள வேற்றுமை பெரிது. நெய்யில் கை முக்கியவனுக்குத் தீர்ப்பு சில நாளில் அவன் உடம்பிலேயே எழுதப்பட்டுவிடும். தண்டனையை ஊரார் கொடுக்க வேண்டும். சத்தியத்திலோ தீர்ப்பும் தண்டனையும் தெய்வத்திடம் ஒப்படைக்கப்படுகின்றன. எதிரி இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அடியும் பழியும் ஓய்ந்து, இருவரும் அதே ஊரில், அதே வாய்க்கால் நீரைப் பங்கிட்டு வாழலாம். யார் பொய்யர் என்று கண்டுபிடிப்பதைக் காட்டிலும் சண்டையை நிறுத்துவதே இங்கு முதன்மையான பயன் என்பது எம் கருத்து.

வெள்ளையர் ஆட்சி இவ்வழக்கத்தை எவ்வாறு நடத்திற்று என்பது பலரும் அறியாத வரலாறு. 1840-ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்களும் முகம்மதியரும் நீதிமன்றத்தில் ஆணையிடுவதற்குப் பதிலாக உறுதிமொழி கூறினால் போதும் என்றது. ஆனால் 1873-ஆம் ஆண்டு இந்தியப் பிரமாணச் சட்டம் வேறொரு வாயிலைத் திறந்தது. வழக்காளி ஒருவர், "எதிரி இன்னவாறு சத்தியம் செய்தால் அவர் சொல்லுக்கு நான் கட்டுப்படுகிறேன்" என்று முன்வந்தால், எதிரிக்குச் சம்மதமா என்று நீதிபதி கேட்கலாம். அவர் இசைந்தால், அவருடைய இனத்தாரும் சமயத்தாரும் பிணைப்புடையதாகக் கருதும் வகையில் சத்தியம் செய்விக்கலாம். நீதிமன்றத்துக்கு வெளியே செய்வது வசதி எனில், ஒருவரை ஆணையராக நியமித்து அவர் முன்னிலையில் சத்தியத்தையும் சாட்சியத்தையும் பெற்று வரச் செய்யலாம். அவ்வாறு கூறப்பட்ட சாட்சியம், கட்டுப்படுவதாகச் சொன்னவருக்கு எதிராக முடிந்த முடிபான சான்று. அதன் மேல் வாதம் இல்லை. காணிப்பாக்கத்துச் சத்தியத்தை ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்களும் ஏற்றன என்று இவ்வட்டாரத்தார் பெருமையுடன் கூறுவதற்குச் சட்டத்திலேயே இடம் இருந்தது என்பதை இதனால் அறியலாம்.

அச்சட்டத்தில் இரண்டு வரம்புகளும் இருந்தன. சத்தியம் நீதிக்கும் ஒழுக்கத்துக்கும் முரணாக இருத்தல் கூடாது. மூன்றாமவர் ஒருவரைப் பாதிப்பதாகவும் இருத்தல் கூடாது. குழந்தையைக் கிடத்தித் தாண்டுவதும், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வதும் நம் ஊர்களில் எவ்வளவு மலிந்திருந்தன என்பதை நினைத்தால் இரண்டாவது வரம்பின் அருமை விளங்கும். சத்தியம் செய்ய மறுப்பவரைக் கட்டாயப்படுத்துதலும் கூடாது. மறுத்த காரணத்தை நீதிமன்றம் பதிவு செய்துகொள்ளும். இம்முறை ஏறக்குறைய நூறாண்டு வாழ்ந்தது. 1969-ஆம் ஆண்டுப் பிரமாணச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கியபோது, சத்தியத்தால் வழக்கை முடிக்கும் இப்பிரிவுகளும் மறைந்தன. நீதிமன்றத்துக்கும் சன்னிதிக்கும் இருந்த நேர்வழி அன்று அடைபட்டது. ஆயினும் சன்னிதிக்கு வருவோர் வருகை நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்ற கேள்வியில்தான் சமூகவியல் நமக்குத் துணை வருகிறது. பிரெஞ்சு அறிஞர் எமில் தர்க்கைம் 1893-இல் வெளியிட்ட தம் நூலில், எந்த ஒப்பந்தமும் தன் வலிமையால் மட்டும் நிற்பதில்லை என்று விளக்கினார். கையெழுத்துக்குப் பின்னால், கையெழுத்தை மதிக்க வேண்டும் என்ற பொது உணர்வு முன்பே இருத்தல் வேண்டும். அவ்வுணர்வைத் தாளில் எழுதிப் பெற முடியாது. 1912-இல் எழுதிய மற்றொரு நூலில், தெய்வத்தன்மை என்று மக்கள் உணரும் பேராற்றலில் சமூகத்தின் ஆற்றலே உறைகிறது என்றும் அவர் கூறினார். பக்தர்கள் இரண்டாவது கூற்றை ஏற்க வேண்டுவதில்லை. எனினும் சன்னிதியில் நிற்பவன் தனியே நிற்பதில்லை என்பதை அவர்களும் மறுக்கமாட்டார்கள். வழக்கிட்டவன் அருகே நிற்கிறான்; உறவினர் சூழ்ந்திருக்கின்றனர்; திரும்பிச் சென்றபின் ஊர் முழுதும் அவனை உற்று நோக்கும்.

இத்தகைய வழக்குகளை நம் நாட்டில் முறையாக ஆராய்ந்தவர்களுள் தலைசிறந்தவர் மைசூர் நரசிம்மாச்சார் சீனிவாஸ். 1916-இல் மைசூரில் தமிழ் பேசும் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். வெளிமாநிலத்தில் வாழும் தமிழராகிய நாம் பெருமை கொள்ளத்தக்கவர். பம்பாயில் குர்யேயிடம் பயின்று, பின் ஆக்ஸ்போர்டு சென்று இவான்ஸ்-பிரிச்சர்டிடமும் கற்றார். அவ்வாசிரியர் ஆப்பிரிக்காவின் அசாந்தே மக்களிடையே வாழ்ந்து, கோழிக்கு நஞ்சூட்டி உண்மை காணும் அவர்கள் முறையை 1937-இல் நூலாக எழுதியவர். அம்முறை நகைப்புக்குரியதன்று, தனக்கென ஒழுங்கான தருக்கம் உடையது என்று காட்டியவர். சீனிவாஸ் 1948-இல் மைசூருக்கு அருகே ஒரு சிற்றூரில் தங்கி மக்களோடு மக்களாக வாழ்ந்தார். அவ்வூருக்கு ராமபுரா என்று புனைபெயர் இட்டார். சலவைத் தொழிலாளர் சமூகத்து வழக்கொன்றைப் பற்றி 1954-இலும், குயவர் ஒருவருக்கும் பூசாரி ஒருவருக்கும் எழுந்த சச்சரவைப் பற்றி 1959-இலும் கட்டுரைகள் வரைந்தார். 1970-இல் அமெரிக்காவில் அவர் தங்கியிருந்த ஆய்வு நிலையத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது பல்லாண்டு உழைத்துத் தொகுத்த குறிப்புகள் எரிந்துபோயின. மனம் தளராமல் நினைவிலிருந்தே அவ்வூரை எழுதி 1976-இல் நூலாக்கினார். ஒரு சச்சரவைத் தொடர்ந்து சென்றால் ஊரின் உறவு, கடன், சாதி, மானம் யாவும் வெளிப்படும் என்பது அவர் காட்டிய வழி.

அவ்வழியில் காணிப்பாக்கத்தை நோக்கினால், சன்னிதியில் நிகழ்வது வழக்கின் கடைசி ஒரு நாழிகை மட்டுமே என்பது புலப்படும். அதற்கு முன், யார் யாரைச் சத்தியத்துக்கு அழைப்பது என்ற பேச்சு நடக்கிறது. "வா, காணிப்பாக்கத்தில் சத்தியம் செய்" என்ற சொல்லே ஒரு கணை. அதை ஏற்காது பின்வாங்கினால் பாதித் தோல்வி. ஏற்றால் அழைத்தவன் தன் புகாரைக் கைவிட ஆயத்தமாக வேண்டும். இரு பக்கமும் இழப்பு உண்டு. ஆகவே பெரியவர்கள் இடையிட்டு, பாதிக் கடனைக் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல இடம் பிறக்கிறது. செய்யப்படாத சத்தியங்களே மிகுதியான வேலையைச் செய்கின்றன என்று கூறினால் மிகையாகாது.

இனி மறுபக்கத்தையும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. சத்தியம் இருவரைச் சமமாக நிறுத்துகிறது என்கிறோம். அவ்விருவர் யார்? பண்ணையாரும் கூலியாளும் எதிரெதிர் நின்றால், அழைக்கிறவர் ஒருவராகவும் அழைக்கப்படுகிறவர் ஒருவராகவுமே பெரும்பாலும் இருப்பர். வீட்டில் நகை காணாமற் போனால் வேலைக்காரியைத்தான் சத்தியத்துக்கு இழுப்பார்கள். வீட்டுப் பிள்ளையை எவரும் இழுப்பதில்லை. மேலும் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. சித்தூர் மாவட்டம் அன்று அம்மாகாணத்தைச் சேர்ந்ததே. அதற்கு முன் கோயில் வாயிலுக்குள் நுழைய இயலாதவர், உள்ளே நின்று சத்தியம் செய்பவரோடு வழக்கிட நேர்ந்தால் அவர் சொல்லுக்கு எந்தச் சன்னிதி பிணை நின்றிருக்கும்? பழைய வழக்கங்களைப் போற்றி எழுதும் ஆண்டு மலர்களில் இக்கேள்வி இடம்பெறுவதில்லை.

மற்றொரு துன்பமும் உண்டு. உண்மையே சொல்லிச் சத்தியம் செய்தவன் வீட்டில் மறுமாதம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும்? அண்டை அயலார் வாய் பேசாவிடினும் கண்கள் பேசும். நோயுற்ற குழந்தையின் தாய், கணவன் பொய் சொன்னானோ என்று இரவெல்லாம் ஐயுறுவாள். நீதிமன்றத்தில் விடுதலை பெற்றவனுக்கு ஒரு தாள் கிடைக்கும்; சன்னிதியில் விடுதலை பெற்றவனுக்கு அவ்விடுதலை நாள்தோறும் மறுவிசாரணைக்கு உரியது. வள்ளுவர் வாய்மையை வகுத்தபோது எவர்க்கும் தீங்கு பயவாமையை முதலில் வைத்தார். அவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால், சத்தியம் என்ற பெயரால் நடப்பவை யாவும் வாய்மையின்பாற்படா.

இவ்வட்டாரத்து வரலாறு எல்லைகளின் வரலாறாகவும் இருந்திருக்கிறது. 1911-இல் வடார்க்காட்டின் ஒரு பகுதியையும் கடப்பையின் ஒரு பகுதியையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சென்றது. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய கிளர்ச்சிக்கும் பட்டாஸ்கர் தீர்ப்புக்கும் பின், 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. காணிப்பாக்கம் சித்தூரிலேயே உள்ளது. இத்தனை கோடுகள் வரையப்பட்டும், சத்தியத்துக்கு வருவோர் இருபுறத்திலிருந்தும் வருகின்றனர். தெலுங்கர் அதை ஒட்டு என்றும் பிரமாணம் என்றும் சொல்வர். நாம் சத்தியம் என்கிறோம். ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடியானவரும் மதனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்குக் குடியானவரும் ஒரே குளத்தில் மூழ்குகின்றனர். மொழி வேறாயினும் எதற்கு அஞ்சுவது என்பதில் உடன்பாடு இருந்தால் வாணிகமும் கொடுக்கல் வாங்கலும் நடைபெறும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

நம் காலனியிலோ நிலைமை வேறு. பக்கத்து வீட்டுக்காரரின் பாட்டனாரை நாம் அறியோம். அவரும் நம் ஊரை அறியார். சீட்டுப் பணம் கட்டும்போது ரசீதையும், வீடு வாடகைக்கு விடும்போது முத்திரைத்தாளையும் நம்புகிறோம். அவற்றுக்குப் பின்னால் இருக்கவேண்டிய அந்த எழுதாத உணர்வை எங்கிருந்து பெறுகிறோம் என்பது ஆராயத்தக்கது. காணிப்பாக்கத்திலேயும் காலம் மாறிவருகிறது. ஆந்திர அரசியல் தலைவர்கள் ஒருவரையொருவர் காணிப்பாக்கத்துக்கு வந்து பிரமாணம் செய்யுமாறு அறைகூவி அழைப்பதை நாளிதழ்களில் காண்கிறோம். பெரும்பாலும் அறைகூவலோடு அது நின்றுவிடுகிறது. மற்றொருபுறம், குடிப்பழக்கத்தை விட்டொழிப்பதாகச் சத்தியம் செய்ய மனைவியோடும் தாயோடும் வருவோர் உளர். இங்கே எதிரி வேறொருவர் அல்லர். நேற்றைய தானே எதிரி, நாளைய தானே சாட்சி. முன்னோர் நிலத்துக்கும் கடனுக்கும் வகுத்த கருவியை மக்கள் தம் மனத்தை அடக்குதற்கு எடுத்துக்கொண்டிருக்கின்றனர்.

கல்லூரியில் இப்பாடம் பயிலும் நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் சொந்த ஊர் செல்லும்போது, தாத்தா பாட்டியரிடம் அமர்ந்து, நம் ஊரில் சத்தியம் செய்ய எந்தக் கோயிலுக்குப் போவார்கள், கற்பூரம் அணைத்தா, துணி போட்டுத் தாண்டியா, எவரெவரை உள்ளே விடுவார்கள், எவரெவரை வெளியே நிறுத்துவார்கள், பெண்கள் சத்தியம் செய்வதுண்டா, கடைசியாக நடந்தது எப்போது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊரின் பெயரையும் ஆண்டையும் மறவாது குறியுங்கள். சத்தியம் செய்தவர் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். 1873-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்குகள் பழைய தீர்ப்புத் தொகுப்புகளில் பல உள்ளன. ஆங்கிலம் கற்றோர் அவற்றையும் புரட்டிப் பார்க்கலாம். அடுத்த ஆண்டு மலருக்கு நாலைந்து ஊர்க் குறிப்புகளாவது வந்து சேர்ந்தால், காணிப்பாக்கத்தை அவற்றோடு ஒப்பிட்டு எழுதக் காத்திருக்கிறோம்.